பதினான்கு முறை அழுத்திய பொத்தான்

"ஒரு டீ" என்று சொல்லிவிட்டு ஆச்சாக்கா அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கேன்டீன்காரர் தலையை ஆட்டுவார். அது செல்லாது. அக்கா அங்கேயே நிற்பார், பின்னால் வரிசை நீளும். "ஒரு டீன்னு சொன்னேன். கேட்டுச்சா?" என்பார். கேன்டீன்காரர் இன்னொரு முறை, இம்முறை சற்று வேகமாகத் தலையை ஆட்டுவார். "தலைய ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும்? மூக்கு மேல ஈ உக்காந்தாலும் இப்படித்தான் ஆடும்." கடைசியில் மனிதர் வாயைத் திறந்து, "ஒரு டீ, சரி" என்று சொன்ன பிறகுதான் அக்கா ஒதுங்குவார். டீ கைக்கு வந்ததும், "வந்துடுச்சு" என்று அவரும் பதில் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். தான் எதிர்பார்க்கும் மரியாதையைத் தானும் கொடுத்துவிடுகிற ஆள்.

எங்கள் அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. எதைக் கேட்டாலும் "ஆச்சா, ஆகலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று முடிப்பதால் ஆச்சாக்கா ஆகிவிட்டார். வயது நாற்பத்தெட்டு. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, தலையின் மேல் ஒரு கண்ணாடி. மேசை இழுப்பறையில் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். விசைப்பலகையில் மற்ற எழுத்துகளையெல்லாம் பூ பறிக்கிற மாதிரி தொடுவார். எண்டர் பொத்தானை மட்டும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டுவார். காலணிகளை மேசைக்கடியில் கழற்றிப் போட்டால் அவற்றில் ஒன்று எப்படியும் என் பக்கம் வந்து சேரும். நான் எதிர் மேசை. "இந்தப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்கும்" என்பன போன்ற இலக்கியங்களை எழுதுவது என் வேலை. அதனால் என்னை "எழுத்தாளரே" என்று கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. நான் மரியாதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா கட்டுவது சர்வர். இதைச் சொன்னபோது தூரத்து உறவினர் ஒருவர், "எந்த ஓட்டல்ல?" என்று அனுதாபத்தோடு கேட்டிருக்கிறார். அக்கா திருத்தவில்லை. "கிட்டத்தட்ட அதே வேலைதான்" என்றார் என்னிடம். "வெளிய உக்காந்திருக்கிறவரு கேக்கிறத உள்ள போய்ச் சொல்லி, செய்ய வெச்சு, கொண்டு வந்து வைக்கணும். என்ன, நம்ம ஆளுங்களுக்குத் தோள்ல துண்டு கிடையாது."

ஃபோனில் திறக்கும் ஒரு வலைப்பக்கத்தால் தானாக எதையும் பெரிதாகச் செய்துவிட முடியாது. அதற்குக் கையும் கிடையாது காலும் கிடையாது, வாய் மட்டும்தான். எங்கேயோ இருக்கும் சர்வரைக் கூப்பிட்டு, "இந்த வேலையைச் செய்" என்று ஏவும். சர்வர் செய்துவிட்டு, "ஆயிற்று" என்று பதில் அனுப்பும். பார்க்கிறவருக்கு எல்லாம் தன் கைக்குள்ளேயே நடந்தது போலிருக்கும். இந்த ஏவலைக் கேட்டு வேலையை முடித்துப் பதில் சொல்கிற நிரல்தான் அக்காவின் பிழைப்பு. கேட்க எளிதாக இருக்கிறதே என்று ஒருநாள் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா டீயைக் கீழே வைத்தார்.

"நான் ஹால்ல இருக்கேன். வீட்டுக்காரரு சமையலறையில இருக்காரு. 'அடுப்ப அணைங்க'ன்னு கத்துறேன். பதிலே இல்ல. இப்ப என்ன அர்த்தம்? அவருக்குக் கேக்கவே இல்லையா? கேட்டு, அணைச்சிட்டு, வாயத் தொறக்காம நிக்கிறாரா? இல்ல, கேட்டும் சும்மா நிக்கிறாரா? மூணும் ஹால்லருந்து பாத்தா ஒண்ணேதான். அப்ப நான் என்ன பண்ணுவேன்? இன்னொரு தடவ கத்துவேன். அடுப்ப அணைங்கன்னு பத்து தடவ கத்தினாலும் அடுப்பு ஒரு தடவதான் அணையும், நஷ்டம் இல்ல. 'உப்பு போடுங்க'ன்னு பத்து தடவ கத்திப் பாருங்க எழுத்தாளரே."

உதாரணத்துக்குக் கணவரை இழுத்தது சும்மா இல்லை. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், நல்ல மனிதர், ஆனால் கேட்ட உடனே பதில் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. காலையில் "இன்னும் கொஞ்சம் டீ வேணுமா?" என்று கேட்டால் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது "வேணாம்" என்பார். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று முதலில் கேட்டதே அக்காதானாம், அதுவும் லிஃப்டுக்குள் வைத்து. அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மாடி வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். மூன்றாம் நாள் அதே லிஃப்டில் ஏறி, "சரி" என்றாராம். அந்த மூன்று நாளில் எட்டுக் கிலோ குறைந்துவிட்டதாக அக்கா சொல்கிறார். நான் இரண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்காவின் சர்வர் பதில் சொல்லும் அழகே தனி. மற்றவர்கள் கட்டியது கோளாறானால் ஓர் எண்ணைக் காட்டிவிட்டுச் செத்துப்போகும். அக்காவினுடையது, "மன்னிக்கவும். உள்ளே ஒரு குளறுபடி. தவறு உங்கள் மேல் இல்லை" என்று சொல்லும். மேலாளருக்கு இதில் பெரும் வருத்தம். தவறு யார் மேல் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி.

மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ரெண்டாங்கட்டம். எதைக் கேட்டாலும், "அத ரெண்டாங்கட்டத்துல பாத்துக்கலாம்" என்பார். முதல் கட்டம் என்றால் பார்க்க அழகாக இருக்க வேண்டியது, இரண்டாம் கட்டம் என்றால் வேலை செய்ய வேண்டியது. இதுவரை எந்த வேலையும் இரண்டாம் கட்டத்தை எட்டியதாகச் சரித்திரம் இல்லை.

போன மாதம் ஒரு சலவைக்கடைக்காரர் எங்களிடம் வந்தார். நகரில் பதினோரு கடைகள். துணியைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டு மூடிவிட்டு, ஃபோனில் வலைப்பக்கத்தைத் திறந்து, "தொடங்கு" என்று அழுத்தினால் துவைக்க ஆரம்பிக்க வேண்டும். முடிந்ததும் கதவு தானாகத் திறக்க வேண்டும். மூன்று வாரத்தில் புதுக் கடை திறப்பு, அதற்குள் தயாராக வேண்டும். அக்கா முதல் நாளே இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, ஒவ்வொரு ஏவலுக்கும் ஒரு டோக்கன் எண். ஒரே ஏவல் இரண்டு முறை வந்தால் கண்டுபிடிப்பதற்கு. இன்னொன்று, "நிறுத்து" என்று ஒரு பொத்தான். இரண்டும் எந்தக் கட்டத்துக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திறப்பு நாளன்று காலை பத்து மணிக்குப் புதுக் கடை நிறையக் கூட்டம். சலவை முதலாளி உயரமான, உற்சாகமான மனிதர். நாலு பேர் முன்னால் எதையாவது செய்து காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு காகிதக் கோப்பையிலிருந்து காப்பியை எடுத்துத் தன் நீலச் சட்டையின் மார்பில் தானே ஊற்றிக்கொண்டார். கூட்டம் திகைத்தது. சட்டையைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்து, கதவைச் சாத்தி, ஃபோனை உயர்த்திப் பிடித்தார். பனியனில் விலாப் பக்கம் ஓர் ஓட்டை இருந்தது. அவர் மனைவி சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் கருவியின் செய்முறை விளக்கத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார்.

முதலாளி "தொடங்கு" என்பதை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கூடியிருந்த அத்தனை பேரும் அந்த நேரத்தில் அவருடைய பனியனைப் படமெடுத்து அவரவர் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததால் கடையின் இணையம் மூச்சுத் திணறியது. அவர் மறுபடி அழுத்தினார். சிரித்துக்கொண்டே மறுபடி. சிரிக்காமல் மறுபடி. பிறகு மரங்கொத்தியைப் போல.

சட்டென்று இயந்திரத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது. கைதட்டல் எழுந்தது. அதற்கப்புறம்தான், வழியில் சிக்கியிருந்த பதில்களெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தன. "உங்கள் சலவை தொடங்கியது. நன்றி." முதலாளியின் ஃபோன் மணியடித்தது. மறுபடி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா என் பக்கம் சாய்ந்தார். "எழுத்தாளரே, எத்தன அடிச்சுது?"

பதினாலு என்றேன்.

"நானும் அதான் எண்ணினேன்" என்று சொல்லிவிட்டு, சோப்புத்தூள் அட்டைப்பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

ஒரு சலவைக்கு முப்பத்தெட்டு நிமிடம். அதுவரை முதலாளி பனியனோடு சுத்தத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். முப்பத்தெட்டாவது நிமிடம் இயந்திரம் முனகி நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். கதவு திறக்கவில்லை. ஒரு கணம் யோசிப்பது போலிருந்துவிட்டு, இயந்திரம் மறுபடியும் தண்ணீரை நிரப்ப ஆரம்பித்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்.

அக்கா எழுந்து போய் உள்ளதைச் சொன்னார். பதினான்கு முறை ஏவப்பட்டிருக்கிறது, பதினான்கு முறை துவைக்கும், ஐந்நூற்று முப்பத்திரண்டு நிமிடம், அதாவது ஒன்பது மணி நேரத்துக்கு எட்டு நிமிடம் குறைவு. சர்வரில் மீதி ஏவல்களை அழிக்கலாமே என்று மேலாளர் கேட்டார். பதினான்கையும் இயந்திரம் ஏற்கெனவே வாங்கி வயிற்றுக்குள் போட்டுக்கொண்டுவிட்டது என்றார் அக்கா. முதலாளி தன் பனியனைக் குனிந்து பார்த்தார்.

மின்சாரத்தைத் துண்டித்தார்கள். இயந்திரம் நின்றது, கதவும் பூட்டியபடியே நின்றது. உள்ளே சூடான தண்ணீரில் நீலச் சட்டை கண்ணாடி வழியாகக் கையை ஆட்டுவது போல் மிதந்தது. இயந்திரம் விற்ற கடைக்குப் பேசினால், ஆள் நாளைக்குத்தான் வருவாராம். அக்கா கணவருக்கு ஃபோன் போட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்கு வரும்படி சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது. கேட்டாரா, கேட்கவில்லையா? கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு அதையே சொன்னார். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது முறையும் சொல்லிவிட்டு ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்தார். அக்காவைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தார். அப்புறம் இரண்டாவதை. அப்புறம் மூன்றாவதை. மூன்றும் ஒரே அளவு.

அக்கா அவற்றை வெகு நேரம் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரோரம் போனேன். "சிரிக்காதீங்க" என்றார், திரும்பிப் பார்க்காமலேயே. "அவரு மேல தப்பே இல்ல. மூணு தடவ கேட்டது நான்தான்."

லிஃப்ட்காரர் இயந்திரத்தின் அடிப்பக்கத் தகட்டைக் கழற்றித் தண்ணீரை வடித்தார். உள்ளே கையை விட்டு எதையோ இழுத்தார். கதவு திறந்தது. வேலை பத்து நிமிடம்கூட இல்லை. சட்டை வெளியே வந்தபோது, ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கலாம் என்று சொல்லும்படியான நிறத்தில் இருந்தது. முதலாளி போட்டுப் பார்த்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் மனைவி கிட்டே வந்து மார்புப் பக்கம் துணியைத் தடவிப் பார்த்து, "கறை போயிடுச்சு" என்றார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

கூட்டம் கலைந்தது. கடை திறப்பு தள்ளி வைக்கப்பட்டது. மேலாளர் சும்மா இருக்கவில்லை. கடையின் பின்னறைக்குப் போய் ஓர் அறிவிப்பை அச்சடித்துக் கொண்டுவந்து, இயந்திரங்களுக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி நான்கு மூலையிலும் பசை நாடா போட்டு ஒட்டிவிட்டார்:

ஒரே ஒரு முறை மட்டுமே அழுத்தவும். மீறி அழுத்துவோர் விளைவுகளுக்குத் தாமே பொறுப்பு.

இதோடு பிரச்சினை தீர்ந்தது, நாளைக்கே கடையைத் திறக்கலாம் என்றார். முதலாளியும் யோசித்துப் பார்த்துவிட்டு, தான் கொஞ்சம் அதிகமாகத்தான் அழுத்திவிட்டோம் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அந்தக் குட்டைச் சட்டையில் தலைகுனிந்து நின்றதைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அக்காவுக்கு அதுதான் வராது.

"நீங்க பதினாலு தடவ அமுக்கினது தப்பே இல்ல சார்" என்றார். "பதில் வரலன்னா மனுஷன் மறுபடி அமுக்கத்தான் செய்வான். பஸ் வரலன்னா ரோட்ட எட்டிப் பாக்கறதில்லையா, அந்த மாதிரி. எட்டிப் பாக்காதேன்னு போர்டு வெக்கலாமா? ஒரு தடவ சொன்னத ஒரு தடவ மட்டும் செய்ய வேண்டியது என் சர்வரோட வேல. அது செய்யல. நாலு நாள் குடுங்க."

மேலாளர் முதலாளிக்குத் தெரியாமல் கையை ஆட்டி, கண்ணைச் சுருக்கி, இருமிப் பார்த்தார். அக்கா கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முதலாளி அந்த அறிவிப்பையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார். அன்றைக்கும் இதே கூத்து நடந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எல்லோருக்கும் நன்றாகவே உறைத்தது.

வெளியே வந்ததும் மேலாளர் படபடத்தார். வாடிக்கையாளரே தன் தப்பு என்று சொன்ன பிறகு இல்லை என்று வாதாடிய ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். திங்கட்கிழமை சொதப்பினால் அக்காவின் நாற்காலிக்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார்.

"அதுவும் ரெண்டாங்கட்டத்துலதானே சார்?" என்று கேட்டார் அக்கா.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அக்காவின் யோசனை எளிமையானது. ஃபோனில் "தொடங்கு" என்று முதன்முதலில் அழுத்தும்போதே பக்கம் ஒரு டோக்கன் எண்ணைப் போட்டுக்கொள்ளும். அதற்குப் பின் எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் போகும். சர்வர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளும். எண் புதிது என்றால் வேலையைச் செய்யும். பழையது என்றால் இயந்திரத்தின் பக்கமே போகாமல், முன்பு சொன்ன பதிலையே பொறுமையாகத் திருப்பிச் சொல்லும். ஃபோனும் ஓர் எண்ணுக்கு ஒரு முறைதான் மணியடிக்கும். "மாமியாரு ஒரே கேள்விய ஒன்பது தடவ கேட்டாலும் மருமக ஒரே பதிலச் சொல்றாளே, அந்த மாதிரி" என்றார்.

முதலாளியிடமிருந்து ஓர் இயந்திரத்தை அலுவலகத்துக்கு வரவழைத்து, ஒரு சலவைக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டு, சோதனைக்கு ஆள் பிடித்தார். கேன்டீன்காரர் கையில் ஒரு ஃபோனைக் கொடுத்து, இத்தனை நாள் கோபத்தையெல்லாம் இதில் காட்டு என்றார். மனிதர் அதை ஒரு வரமாகவே எடுத்துக்கொண்டார். என் வேலை, இணையக் கம்பியைப் பிடுங்குவதும் செருகுவதும். "பிடுங்குங்க… செருகுங்க… ஆச்சா?" ஒவ்வொரு முறையும் "ஆச்சு" என்று நான் வாயால் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முந்நூறு தடவை பிடுங்கியிருப்பேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. முந்நூறு தடவையும் இயந்திரம் ஒரு ஏவலுக்கு ஒரு முறைதான் சுற்றியது. கேன்டீன்காரரும் நானும் கை குலுக்கிக்கொண்டோம்.

அக்கா திருப்தியடையவில்லை. வேலை நடுவில் இருக்கும்போது சர்வரையே கொன்றுவிட்டு மறுபடி எழுப்பினார். அதே டோக்கன், அதே ஏவல். இயந்திரம் இரண்டாவது முறையும் சுற்றத் தொடங்கியது.

குறிப்பேடு சர்வரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது. விழுந்து எழுந்ததும் யாருக்கு என்ன செய்தோம் என்பதே அதற்கு மறந்துபோயிற்று. அக்கா இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடியில்லாமல் அவர் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. யாரோ போல இருந்தது. கேன்டீன்காரர் மெல்ல எழுந்து போய், கேட்காமலேயே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். அக்கா "வந்துடுச்சு" என்று சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"பெரிய மனுஷி மாதிரி அங்க பேசிட்டேன்" என்றார் டீயைப் பார்த்தபடி. "இப்ப இது மறந்துட்டு நிக்குது. அந்த போர்டே போதும்னு விட்டிருக்கலாம்ல?"

விட்டிருக்கலாம்தான் என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உதவிக் குறிப்பு எழுதுகிறவனுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம்.

"ஆனா விட்டிருந்தா, அந்தக் கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் பயந்து பயந்துதான அமுக்குவாங்க" என்றார் அக்கா. அதை என்னிடம் சொன்னாரா, டீயிடம் சொன்னாரா தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குறிப்பேட்டை ஞாபகத்தில் வைக்காமல் அழியாத இடத்தில் எழுதி வைக்கும்படி மாற்றினார். "செஞ்சிட்டு எழுதிக்கலாம்னு இருந்தா, செஞ்ச கையோட மண்டையப் போட்டா என்ன ஆகும்? எழுதிட்டுத்தான் மெஷின் மேல கையே வெக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விழுந்து எழும் சர்வர் முதல் காரியமாக இயந்திரத்தைக் கூப்பிட்டு, "விட்ட இடம் எது?" என்று விசாரிக்கும்படியும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சர்வரைக் கொன்று கொன்று எழுப்பினார். நாற்பத்தோராவது மரணத்துக்குப் பிறகு, "போதும், இனிமே சாகாது" என்றார். "செத்தாலும் மறக்காது."

திங்கட்கிழமை கூட்டம் இல்லை. முதலாளி, அவர் மனைவி, மேலாளர், அக்கா, நான். முதலாளி புதுச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். அதைக் கழற்றும் எண்ணம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கைக்குட்டை ஒன்றை எடுத்து இயந்திரத்தில் போட்டார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை நிமிர்ந்து படித்தார். ஒரே ஒரு முறை, மிகுந்த மரியாதையோடு, "தொடங்கு" என்பதை அழுத்தினார்.

அந்த நேரத்தில் அக்கா கை நீட்டிக் கடையின் இணையக் கம்பியைப் பிடுங்கினார்.

மேலாளர் வாயிலிருந்து வந்த சத்தம் ஒரு சொல் இல்லை. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. முதலாளி ஃபோனைப் பார்த்தார், அறிவிப்பைப் பார்த்தார், விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"அமுக்குங்க சார்" என்றார் அக்கா. "உங்களுக்கு எத்தன தடவ தோணுதோ, அத்தன தடவ அமுக்குங்க."

அவர் தயங்கித் தயங்கி ஒரு முறை அழுத்தினார். பிறகு இன்னொன்று. அப்புறம் மனிதருக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. அவர் மனைவியும் வந்து அதே திரையில் நாலு தட்டுத் தட்டினார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன்; இருபத்தாறு. அக்கா கம்பியைத் திரும்பச் செருகினார். ஃபோன் ஒரு தடவை மணியடித்தது. "உங்கள் சலவை தொடங்கியது. நன்றி." அதற்கப்புறம் சத்தம் இல்லை. இயந்திரத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது.

அடுத்த முப்பத்தெட்டு நிமிடத்தில் மேலாளர் தன் கைக்கடிகாரத்தை இரண்டு முறை கழற்றி இரண்டு முறை கட்டிக்கொண்டார். அக்கா கண்ணாடிக் கதவுக்கு நேராக நின்று, உள்ளே சுற்றும் கைக்குட்டையோடு தானும் லேசாகத் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாவது நிமிடம் இயந்திரம் முனகி நின்றது. அன்றைக்குப் போலவே ஒரு கணம் யோசித்தது. எனக்கு வீங்கிய கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது.

கதவு டக்கென்று திறந்துகொண்டது.

முதலாளி ஈரக் கைக்குட்டையை எடுத்து, விரித்து, எல்லா மூலையும் பழைய அளவிலேயே இருக்கிறதா என்று பார்த்தார். மேலாளர் பாய்ந்து சென்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த ஏற்பாட்டைத்தான் ஆரம்பத்திலிருந்தே தாங்கள் திட்டமிட்டிருந்ததாக அவர் விளக்கிக்கொண்டிருந்தார். முதலாளியின் மனைவி வெளிக் கதவைத் திறந்து, வாசலில் மூட்டையோடு நின்ற ஒரு பெண்ணை உள்ளே வரச் சொன்னார்.

அக்கா அந்தப் பேச்சுக்கு நிற்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த அறிவிப்பின் நான்கு மூலைகளையும் நகத்தால் நெம்பி, சுவரின் சுண்ணாம்பு பெயராமல் உரித்தெடுத்தார். இறங்கி அதை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். மூட்டைக்காரப் பெண் உட்காரப் போன பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அக்கா குனிந்து, மடித்த காகிதத்தை அந்த பெஞ்சின் குட்டைக் காலுக்கடியில் செருகினார். இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.